மூச்சுப் பழகப் போன இடத்தில்

எனக்கு அறுபத்தெட்டு வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதல் இரண்டும் கொழுந்தனார் பிள்ளைகள். தாய் போனபின் என் கைக்கு வந்தவர்கள். ஆறு பேரில் ஒருவரும் சோடை போகவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், யோகா படிக்க மலேசியா போகிறேன் என்று நான் சொன்னதும் அந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.

“ஏம்மா, வெள்ளைக்காரன் யோகா படிக்க நம்ம ஊருக்கு வர்றான். நீ அதைப் படிக்க அங்க போறியா?” என்றான் மூத்தவன்.

“அவன் வரலாம், நான் போகக் கூடாதா?” என்றேன்.

துறையூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட மைதானத்தில் காலை யோகா நடக்கும். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் சொல்லித் தருகிறார். முழங்கால் வலிக்காகப் போக ஆரம்பித்தவள் நான். வலி பாதி போனது, பழக்கம் முழுதாக ஒட்டிக்கொண்டது. டீச்சர் இளவயதில் யோகா படித்தபோது கூடப் படித்தவர் ஒரு சீன அம்மா. மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் மலையடிவாரத்தில் வீடு எடுத்து, வயதானவர்களுக்கு நாற்காலியை வைத்துக்கொண்டு ஆசனம் சொல்லித் தருகிறாராம். அதைப் படித்துக்கொண்டு வரலாம் என்று டீச்சர் எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரப் படிப்பு. ஞாயிறு விடுமுறை.

டீச்சர் நாற்காலி யோகாவைப் பற்றி நிறையச் சொன்னார். என் காதில் விழுந்தது ஈப்போ என்ற பெயர் மட்டும்தான். ஈப்போ இருக்கிற அதே பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன். என் அக்கா இன்னும் அங்கே இருக்கிறாள்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எட்டு வயதில் அம்மா இறந்துவிட்டார். அம்மா ரப்பர் பால் வெட்டிய மரங்களில் அக்கா பால் வெட்டப் போனாள். விடியுமுன்னே பால் வெட்டப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அக்கா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு வரிசையில் மரத்தைச் சீவிக்கொண்டே போவாள். நான் பக்கத்து வரிசையில், முதல் நாள் மங்கில் உறைந்து கிடக்கும் பாலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே போவேன். மங்கு என்பது மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணம். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத இருட்டு. பன்றி வரும், பாம்பு கிடக்கும். அதனால் எங்கள் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. ஒருத்தி ‘ஊ’ என்று நீளமாகக் குரல் விட்டால் அடுத்தவள் ‘ஊ’ என்று பதில் விட வேண்டும். பதில் வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள், நீ உன் வேலையைப் பார். பதில் வராவிட்டால் கத்தி, வாளி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தேடிப் போ. இதற்கு மேல் விளக்கம் கிடையாது. நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட அது தெரியும்.

அப்புறம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டை. எங்களைப்போல எத்தனையோ குடும்பங்கள் அப்போது இந்தியாவுக்குக் கப்பலேறின. அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அத்தானிடம் குடியுரிமைக்கான நீல அட்டை இருந்ததால் அவர்கள் தங்கிவிட்டார்கள். எங்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியபோது அக்கா பாதையோரம் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பன்னிரண்டு வயது. லாரியிலிருந்து ‘ஊ’ என்று கத்தினேன். அக்கா என்னையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. மறுபடி கத்தினேன். வளைவு திரும்பும் வரை கத்தினேன். பதில் இல்லை.

கோபம் என்று நினைத்துக்கொண்டேன். விட்டுவிட்டுப் போகிறோமே என்ற கோபம். அப்பா போட்ட கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் அக்கா மகன் எப்படியோ எங்களைத் தேடிப் பிடித்துப் போன் செய்தான். அக்கா பேசினாள். “சாப்பிட்டியா? முட்டி வலி எப்படி இருக்கு?” அவ்வளவுதான். உடனே போன் மகன் கைக்குப் போய்விடும். ஈப்போவுக்கு வருகிறேன் என்று சொன்னபோதும், “வாறதுன்னா வா” என்றாள். அதில் சந்தோஷம் இருந்ததா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். அன்றைக்கு ஏன் பதில் விடவில்லை என்று நேரில் ஒரு முறை கேட்க வேண்டும். அவள் என்னை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறாள் என்றால் அதையும் அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டு வர வேண்டும். பெட்டியில் சேலைகளோடு அதையும் வைத்துத்தான் மூடினேன்.

ஈப்போவில் விடிந்தபோது ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்துப் பச்சைமலை, படுத்திருக்கிற எருமை மாதிரி இருக்கும். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் எழுந்து நிற்கின்றன. தரை தட்டையாக வந்துகொண்டே இருக்கிறது; சட்டென்று வானத்துக்கு ஒரு சுவர். சுவரின் வெள்ளைமேல் காடு தொங்குகிறது. இடுப்பில் மேகம். இந்த மாநிலத்தில் பிறந்தும் நான் இதைப் பார்த்ததில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டம்தான் உலகம். ஈப்போ என்பது மேனேஜர் போய்வருகிற ஊர்.

“என்னடி, சாமி கண்டவ மாதிரி நிக்கிற?” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவள்.

“நீயே வந்து பாரு.”

வந்து பார்த்தாள். அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தினமும் விடியுமுன் மணி அடிக்கும். முகம் கழுவி, வெந்நீர் குடித்து, கூடத்துக்குப் போனால் வட்டமாக நாற்காலிகள். அந்த இருட்டும் ஈர மண் வாசனையும் எனக்குப் பெரட்டுக்குப் போவதுபோல இருந்தது. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கிற கூட்டம். காலை முழுதும் ஆசனம், மூச்சு. மதியச் சோறு வரைக்கும் பேசக் கூடாது. இட்லிக் கடைக்காரிக்கு அதுதான் கடினமான ஆசனம்.

சீன டீச்சர் மெலிந்த உடம்பு, நரைத்த கிராப்பு. முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அப்பா ஏதோ ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த தமிழ் அது. பேச்சின் முடிவில் அந்த ஊர் ‘லா’ ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

“மெதுவா இழுங்க லா. மூச்சு எங்கயும் ஓடிப் போவாது. அவசரப்பட்டா கோவிச்சுக்கும்.”

என்னைப் பார்த்து, “அக்கா, நீங்க மூச்ச உள்ள வாங்குறீங்க, வெளிய விடவே மாட்டேங்கிறீங்க. சேத்து வச்சு என்னா செய்யப் போறீங்க?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பேசத்தானே கூடாது, சிரிக்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே முதுகை எத்தனை விதமாகத் திருப்பலாம் என்பதை அங்கேதான் கண்டேன். இத்தனை வருடம் இந்த முதுகில் விறகு சுமந்தேன், பிள்ளை சுமந்தேன். அதற்குள் இப்படி ஒரு இடம் இருக்கிறது, அங்கே மூச்சு போகும் என்பது தெரியாது. போன வாரம் வரை மூடிக் கிடந்த அறையில் யாரோ விளக்கேற்றினாற்போல இருந்தது. மதியம் படிப்பு: எந்த மூட்டுக்கு எது ஆகும், யாருக்கு எது ஆகாது. மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். என் எழுத்து மூன்றாம் வகுப்பு எழுத்து, ஓடிப் பிடிக்காது. நான் உடம்பிலேயே செய்து செய்து வைத்துக்கொண்டேன். மாலையில் தினம் தவறாமல் மழை. மழை விட்டதும் மலைச் சுவரில் குரங்குகள் இறங்கும், எங்கள் துணிக்கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்.

முதல் ஞாயிறு அக்காவைக் கூட்டி வருவதாக அவள் மகன் சொல்லியிருந்ததால் காத்திருந்தேன். காலையில் அவள் மகன் போன் செய்தான். தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன்.

“சின்னம்மா, அம்மா இன்னைக்கு வரலையாம்.”

“உடம்புக்கு என்னப்பா?”

“உடம்புக்கு ஒன்னும் இல்ல. சேல கட்டிட்டாங்க, செருப்பும் போட்டுட்டாங்க. அப்புறம் கழட்டி வச்சிட்டு, நீ போய்ட்டு வாடாங்கிறாங்க. எனக்கும் வெளங்கல.”

போனை வைத்தேன். டீச்சரோடு ஊர் சுற்றப் போனேன். குகைக்குள்ளே கோயில் கட்டியிருக்கிறார்கள். சீனர்களின் பெரிய பெரிய சாமிகள், ஊதுபத்தி ஒவ்வொன்றும் என் உயரம். கையெடுத்துக் கும்பிட்டேன். சாமி எந்த நாட்டுச் சாமியானால் என்ன, பாறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதே. சாலையோரம் பம்பளிமாசு பழங்களை வலைப் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் பச்சைப்பிள்ளைத் தலை அளவு.

டீ குடிக்க ஒரு பாய் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் டீயை ஆற்றிய உயரத்தைப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

“ஊர்லேருந்து வாறீங்களா, அக்கா? எந்தப் பக்கம்?”

“துறையூரு. நீங்க?”

“பூர்வீகம் ராமநாதபுரம். தாத்தா காலத்துல வந்தது.”

“நான் பொறந்தது சிலிம் ரிவர்” என்றேன்.

அவர் டீயை வைத்துவிட்டு என்னை மறுபடி பார்த்தார். “அப்ப நீங்கதான் இந்த ஊரு, நான்தான் வெளியாளு லா. டீ வேணுமா, இல்ல எனக்கு ஊத்தித் தாறீங்களா?”

அன்று சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

இரண்டாம் ஞாயிறு நானே கிளம்பினேன். டீச்சர் ரயிலேற்றிவிட்டார். தனியாகப் போகிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் ஆறு போனும் ஒன்றாக அடித்திருக்கும். மின்சார ரயில் சத்தமில்லாமல் ஓடியது. ஜன்னலில் எண்ணெய்ப்பனை, எண்ணெய்ப்பனை, மேலும் எண்ணெய்ப்பனை. நான் தேடிக்கொண்டு போனது நெட்டையாக, உடம்பெல்லாம் வெட்டுத் தழும்போடு நிற்கிற ரப்பர் மரத்தை. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சிலிம் ரிவர் நிலையத்தில் அக்கா மகன் நின்றான். என் அப்பாவின் நெற்றி அவனுக்கு. வீட்டு வாசலில் அக்கா. போனில் முகம் பார்த்திருக்கிறேன்தான். ஆனால் போனில் உயரம் தெரியாதே. என்னைத் தூக்கிச் சுமந்த அக்கா, என் தோளுக்கு வந்து நின்றாள்.

“வந்துட்டியா. கால் கழுவு” என்றாள்.

கோழிக்குழம்பு வைத்திருந்தாள். கருவாடு பொரித்திருந்தாள். எனக்குச் சின்ன வயதில் பிடிக்கும் என்று மரவள்ளிக்கிழங்கும் அவித்திருந்தாள். சைவச் சாப்பாடுதான் என்று யோகா வீட்டில் விதி. அன்று விதியை ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக வைத்துக்கொண்டேன். தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். பேச்சு மட்டும் இல்லை.

சாப்பிட்டபின் எதிரெதிரே உட்கார்ந்தோம். கேட்கத்தான் வந்தேன்.  ‘ஆமாம், உன்மேல எனக்கு வெறுப்புத்தான்’ என்று அக்கா சொல்லிவிட்டால்? திரும்பி எப்படி ரயிலேறுவது? இரண்டு வாரம் பேசாமல் இருந்து பழகியிருந்தது நல்லதாகப் போயிற்று. சும்மா இருந்தேன். மூச்சைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அக்காவும் எழுந்து போகவில்லை. மின்விசிறி சுற்றியது. அப்படி எவ்வளவு நேரம் இருந்தோமோ, மகன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் சண்டையா?” என்றான்.

“போடா, வேலையப் பாரு” என்றாள் அக்கா.

கிளம்பும்போது அக்கா, “நீ அங்க என்னாதான் படிக்கிற?” என்று கேட்டாள்.

“மூச்சு விடக்கா.”

“அறுபத்தெட்டு வயசு வரைக்கும் அப்ப என்னா செஞ்ச?” என்றாள். முகம் சிரிக்கவில்லை; கண் கொஞ்சம் சிரித்தது. “அடுத்த வாரம் நான் வாரேன். அது என்னா மூச்சுன்னு பாக்குறேன்.”

அந்த வாரம் நான் ஆசனம் சரியாகச் செய்யவில்லை. சீன டீச்சர் திட்டவுமில்லை.

மூன்றாம் ஞாயிறு அக்கா உண்மையிலேயே வந்தாள். எங்களுக்கு அது கடைசி ஞாயிறு. விடுமுறையானாலும், யோகா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குகைக்கு எல்லோரையும் கூட்டிப் போவதாகச் சீன டீச்சர் சொல்லியிருந்தார். அக்காவையும் கூப்பிட்டார்.

“வாங்க அக்கா. உள்ள குளுகுளுன்னு இருக்கும்.”

“எனக்கு முட்டி வலி, உள்ள வழுக்கும். நான் வாசல்லயே குந்திக்கிறேன். நீங்க போங்க லா.”

குகை வாசலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது. எங்கள் ஊர்க் கோபுரம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே நிறுத்தினாலும் உச்சி தட்டாது என்று தோன்றியது. கூரையிலிருந்து கல் விழுது விழுதாக இறங்கியிருந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் குகை முழுதும் பதில் சொன்னது. தரையிலிருந்து அங்குலம் அங்குலமாக வளர்ந்த ஒரு கல் என் இடுப்புக்கு வந்தது. அது வளர ஆரம்பித்தபோது மனிதர்கள் இருந்திருப்பார்களா? அதன் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் அறுபத்தெட்டு வயது ஒரு சொட்டுகூட இல்லை. அழுகை வரவில்லை, பயமும் இல்லை. தலையிலிருந்த சுமையை யாரோ ஒரு கை கொடுத்து இறக்கினாற்போல் இருந்தது.

சீன டீச்சர் வண்டு மூச்சு செய்யச் சொன்னார். வாயை மூடி, ரீங்காரம்போல. எங்கள் ஒன்பது பேர் மூச்சும் சுவரில் மோதி, கூரையில் உருண்டு, ஊரே சேர்ந்து முனகுவதுபோலத் திரும்பி வந்தது. அப்புறம், “இப்ப அவங்கவங்களுக்கு என்னா சத்தம் வருதோ, விடுங்க. வெக்கப்படாதீங்க” என்றார். எங்கள் டீச்சர் ‘ஓம்’ என்றார். இட்லிக் கடைக்காரி முருகனைக் கூப்பிட்டாள்.

என் முறை வந்தது. இருட்டாக இருந்தது. வெளிச்சம் விழுகிற வாசலில் அக்கா சின்ன உருவமாகத் தெரிந்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

‘ஊ.’

குகை அதை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தது. அது அடங்கும் வரை எல்லோரும் இருந்தார்கள். வாசலிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டேன். அந்த உருவம் அசையவில்லை.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்ததில்லை, பதில் வராவிட்டால் எழுந்து போகத்தானே வேண்டும். “அக்கா, வழுக்கும், பாத்து” என்று சீன டீச்சர் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. பாறையைப் பிடித்துப் பிடித்து நடந்து வாசலுக்கு வந்தேன். அக்கா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“இப்பதான் வாறியா?” என்றாள்.

நான் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அன்னைக்கு நான் பதில் விட்டிருந்தா, அக்கா நல்லா இருக்கான்னு நீ நிம்மதியாப் போயிருப்ப. நான் நல்லா இல்ல புள்ள. அதான் வாயத் தொறக்கல. பதில் வரலன்னா தேடி வரணும்ல? அதானே மொற? லாரி வளைவுல நிக்கும், நீ எறங்கி ஓடி வருவன்னு நின்னேன். இருட்டுற வரைக்கும் நின்னேன்.”

“பன்னெண்டு வயசுப் புள்ள எப்படிக்கா லாரியில இருந்து எறங்கும்?”

“எனக்கு மட்டும் என்னா வயசாம்? பதினேழு. அந்த வயசுக்கு அவ்வளவுதான் புத்தி.” மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “போனவாரம் நீ வந்தப்பக்கூட, என்னத் தேடி வந்தியா, சும்மா ரயிலேறி விருந்தாளியா வந்தியான்னு வெளங்கல. கேக்க வாய் வரல.”

நான் கோபம் என்று ஐம்பது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தது அவள் கூப்பிட்ட குரல். என்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு. எனக்கு அந்த மலையைவிட, அந்தக் குகையைவிட அது பெரிதாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிதென்று இப்போதும் அளக்க வரவில்லை.

“தேடித்தானேக்கா வந்தேன்” என்றேன்.

“ரொம்ப மெதுவாத்தான் வந்த.” என் கையைப் பிடித்து முழங்கையைத் தடவிப் பார்த்தாள், சின்னப் பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. “சரி, போ. உன் வாத்தியாரம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. படிக்க வந்தா படிக்கணும்.”

உள்ளே போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தேன். ஒரு முறை மூச்சை முழுதாக இழுத்து, மிச்சமில்லாமல் விட்டேன்.

‘ஊ.’

அது அடங்குமுன்னே வாசலிலிருந்து பதில் வந்தது. எழுபத்து மூன்று வயதுக் குரல். கொஞ்சம் உடைந்து, நீளமாக. அக்காவின் குரலும் என் குரலும் கூரையில் போய்ச் சேர்ந்துகொண்டன. எது யாருடையது என்று குகைக்குத் தெரியவில்லை.

“நல்லாருக்கு லா, இது” என்றார் சீன டீச்சர். “எல்லாரும் அப்படியே விடுங்க.” எல்லோரும் ‘ஊ’ என்றார்கள். இட்லிக் கடைக்காரிதான் எல்லாரிலும் சத்தம். அதை யோகாவில் ஒரு பாடம் என்று நினைத்து இப்போதும் எங்கள் மைதானத்தில் தினம் செய்கிறாள். நான் திருத்தவில்லை.

ஊர் திரும்பி இதை எழுத உட்கார்ந்தேன். என் மூன்றாம் வகுப்பு எழுத்தில் ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகும். அவசரம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு எழுதப் படிக்க வராது. அவள் காதால் கேட்டால்தான் உண்டு. அதனால் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அக்கா மகனுக்குப் போன் போட்டாயிற்று, அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்தாயிற்று.

இந்தா கண்ணு, மொதல்ல இருந்து சத்தமாப் படிச்சுக் காட்டு. நடுவுல அங்கேருந்து ‘ஊ’ன்னு சத்தம் வந்தா நிறுத்தாத, மேல படி. சத்தமே வரலைன்னா மட்டும் நிறுத்து.